சத்தம் போதாத ரேடியோ

எதிரே வருகிறவரை முதலாளி நலம் விசாரித்து நான் கேட்டதில்லை. மேலும் கீழும் ஒருமுறை பார்ப்பார். சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம், செருப்பு ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது, மீசை வலது பக்கம் கொஞ்சம் தூக்கல் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குமேல் அவருக்கு நம்மிடம் வேலை இல்லை. பழகாதவர்களுக்குக் கோபம் வரும். பழகினவர்கள் அவருடைய தலை தெரிந்ததுமே பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

இரத்தினபுரி பெரிய வீதியில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்தவர். வெள்ளைச் சாரம், அகலமான தோல் பெல்ட், வெள்ளைத் தொப்பி, ஒல்லி உடம்பு. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரிலேயே இருந்துவந்த முஸ்லிம் குடும்பம். ஊர் அவரை முதலாளி என்று கூப்பிட்டது. ஊரில் எத்தனையோ முதலாளிமார் இருந்ததால், அவர் இல்லாத இடத்தில் ‘பழுது முதலாளி’ என்றது. இந்தப் பட்டம் அவர் காதுக்கும் எட்டியிருக்கும். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். பேனா பிடிக்கிற வேலை எனக்கு ஒட்டவில்லை. கொழும்பில் ஒரு கடையில் ரேடியோ வேலை பழகிக்கொண்டு, கல்யாணமான கையோடு இரத்தினபுரிக்கு வந்து சின்னதாக ஒரு கடை போட்டேன். தோட்டத்துச் சனங்களில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். போகிறவர்கள் ரேடியோவை விற்றுவிட்டுப் போவார்கள். அதை வாங்கித் துடைத்து, உள்ளே ஒன்றிரண்டை மாற்றி, போகாதவர்களுக்கு விற்பேன். பிழைப்பு அப்படி ஓடியது.

கடை திறந்த அன்று தெருவில் எல்லோரும் வந்தார்கள். முதலாளியும் வந்தார். உள்ளே வரவில்லை. ரோட்டின் அந்தப் பக்கம் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தார்.

“போர்டு எடப்பக்கம் சாஞ்சி ஈக்கு, தம்பி.”

அவர் போன பிறகு நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு நெல்மணி அளவு சாய்ந்துதான் இருந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஏணி வைத்து ஏறிச் சரிசெய்தேன்.

அவருடைய தொழிலே அது என்பது போகப்போகத்தான் விளங்கியது. கல் வியாபாரத்தில் விலை சொல்வது பிறகு. முதலில் பழுது பார்க்க வேண்டும். உள்ளே கீறலா, நூல் மாதிரிக் கோடு ஓடுகிறதா, நிறம் ஒருபக்கம் ஒதுங்கி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அதையும் கண்ட நேரத்தில் பார்க்கமாட்டார்கள். காலை வெயில் மஞ்சளாவதற்கு முன் பார்க்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் கல் பொய் சொல்லாது என்பார்கள். முதலாளி இந்த முறையைக் கல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மீன் வாங்கினாலும், துணி எடுத்தாலும், மாப்பிள்ளை பார்த்தாலும் காலை வெளிச்சம்தான். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். இரண்டு மாப்பிள்ளைமாரின் பழுதையும் நிக்காஹுக்கு முன்பே அவர்களுடைய முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தார்.

இதையெல்லாம் வைத்து அவரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. தன் சரக்கின் பழுதையும் அவர் மறைத்ததில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஒரு நீலக்கல்லில் மயங்கிப்போய், கேட்ட விலைக்கு எடுக்கத் தயாராக நின்றதை நானே பார்த்தேன். முதலாளி கல்லைத் திரும்ப வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, லென்ஸை அந்த ஆளின் கண்ணில் வைத்தார்.

“உள்ளுக்குப் பாருங்க. ஒரு நூல் ஈக்கு. பார்த்துட்டு எடுங்க. பொறகு வந்து சொல்லப்படாது.”

வந்தவர் மிரண்டுபோய்க் கல்லை வைத்துவிட்டு எழுந்து போனார். முதலாளி அசையவில்லை. கல்லைத் துணியில் மடித்துப் பெல்ட்டுக்குள் வைத்துவிட்டு டீ சொல்லியனுப்பினார். இதனால் ஊரில் அவருடைய வாய்க்கு ஒரு மரியாதை இருந்தது. அவர் நல்லது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அவர் பழுது என்றால் அவ்வளவுதான், அந்தச் சாமான் அந்த ஊரில் விலைபோகாது.

அந்த வாயின் பலத்தை ஒரு சலூன்காரர் அனுபவித்தார். பல வருஷமாக முதலாளிக்கு முகம் வழித்தவர், எங்கள் ஓப்பநாயக்கப் பக்கத்து ஆள், நல்ல கைராசி. ஒருநாள் சவரம் பண்ணிக்கொண்டே, காதை ஒரு டாக்டரிடம் காட்டினால் நல்லது முதலாளி என்று சொல்லிவிட்டார். சொன்னதையே இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்ததால், அக்கறையில்தான் சொன்னார். முதலாளி பாதி முகத்தில் சோப்போடு எழுந்தார். கத்தியை வாங்கி விரலில் தடவினார். கத்தி மழுங்கி ஈக்கு என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் சலூன்காரர் நாற்காலியையும் கண்ணாடியையும் லொறியில் ஏற்றிக்கொண்டு பெல்மதுளைக்குப் போய்விட்டார்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. அதைச் சொல்லாமல் அவரைச் சொன்னதாக ஆகாது. சிவப்பு நிறம், இரண்டே இரண்டு சீட், மேலே தகரம் கிடையாது, மடக்கி வைக்கிற துணிக்கூரை. வெள்ளைக்காரன் ஓட்டப்பந்தயத்துக்கென்று செய்த ஜாதி. தரையோடு தரையாக ஓடும். இரத்தினபுரியில், வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊரில், கூரையில்லாத கார்! சாரத்தை முழங்கால்வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, தொப்பி பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் அதில் போவதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் முதல் வருஷத்தில் யாரும் இல்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அவர் கைக்கு வந்த கார் அது. ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கடைசியாக இருந்த வெள்ளைக்காரத் தொரை சீமைக்குப் புறப்பட்டார். காரைக் கொண்டுபோக வழியில்லை. பெண்சாதிக்கு ஒரு நீலக்கல் வேண்டும் என்று முதலாளியிடம் வந்தார். முதலாளி வழக்கம்போலக் கல்லின் பழுதைக் காட்டினார். தொரை சிரித்துவிட்டு, காருக்கும் கல்லுக்கும் மாற்றிக்கொள்வோமா என்று கேட்டு, அவரும் காரின் பழுதை ஒவ்வொன்றாகச் சொன்னாராம். கூரை ஒழுகும், இரண்டாவது கியர் திட்டினால்தான் விழும், பிரேக்கை நம்பி இறக்கத்தில் பாட்டுப் பாடக் கூடாது. ரேடியோ மட்டும் அருமையானது, கம்பெனியிலேயே பூட்டி வந்தது, அதில் ஒரு குறையும் கிடையாது.

முதலாளிக்கு அந்தத் தொரையை அதற்காகவே பிடித்துப்போனது. பழுதைச் சொல்லி விற்ற ஒரே தொரை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே ஓரிரு வருஷம் கழித்து அந்த ரேடியோவில் சத்தம் போதவில்லை என்று அவர் என் கடைக்கு முன்னால் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, ரேடியோ கெட்டதைவிட அவருக்குத் தொரை மேல்தான் மனத்தாங்கல்.

“இத மட்டும் மறைச்சிட்டுப் போய்ட்டாரே, தம்பி.”

நான் ரேடியோவைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தேன். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரிச் சத்தம். ஒரு குறையும் இல்லை. மறுபடி காரில் பூட்டி, அவரை உட்காரவைத்துப் போட்டேன். அவர் குமிழைக் கடைசிவரை திருகினார். எதிர்ப்பக்கத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்த சிங்களப் பெரியவர் தன் கல்லாப் பெட்டியடியை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். முதலாளி தலையை ஆட்டினார். ஊமையன் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். என்னோடு விளையாடுகிறார் என்றே முதலில் நினைத்தேன்.

ரேடியோவை நிறுத்திவிட்டு, ஏரியல் கம்பியைப் பார்க்கக் காரின் பின்பக்கமாகப் போனேன். அங்கிருந்து, “முதலாளி, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க” என்றேன். அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். உரக்கச் சொன்னேன். அசையவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் வந்ததும் நிமிர்ந்து பார்த்து, என்ன தம்பி, ஒன்றுமே சொல்லாமல் நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

சலூன்காரரின் நாற்காலி லொறியில் போனது எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்பீக்கரைக் கழற்றிக் கொடுத்தேன். அதை அவர் காலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கல்லைப் பார்க்கிற மாதிரியே லென்ஸ் வைத்துப் பார்த்தார். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலைக் கண்டுபிடித்துவிட்டார். நானும் ஆமாம் என்றேன். புது ஸ்பீக்கர் போட்டோம். அப்புறம் உள்ளே வால்வு மாற்றினோம். அப்புறம் ஏரியல் கம்பியை. ஒவ்வொரு முறையும் அவர் ஒரு பழுதைக் கண்டுபிடிப்பதும், நான் மாற்றுவதும், ஒரு வாரம் கழித்து அவர் திரும்பி வருவதுமாக நாள் போனது. அந்த மனிதரை யாரும் குருடர் என்று சொல்ல முடியாது. கண்ணால் பார்க்கக்கூடிய எதையும் அவர் தவறவிட்டதில்லை.

வியாபாரத்தில் இது ஏன் வெளியே தெரியவில்லை என்று யோசித்திருக்கிறேன். கல்லின் விலையைத் தரகர்கள் நாலு பேர் கேட்கச் சொல்வதில்லை. பக்கத்தில் குந்தி, காதோடு வாய் வைத்துத்தான் சொல்வார்கள். மற்றபடி கடைத்தெருவில் எல்லோருமே கத்திக் கத்தித்தான் பேசுவோம். தெரிந்த சில பேரும் சலூன் கதையைக் கேட்டவர்கள்.

எனக்கு நிலைமை வரவர நெருக்கடியாக இருந்தது. முதலாளியின் கார் என் கடை வாசலில் அடிக்கடி நிற்பதைத் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. வெற்றிலைக் கடைக்காரர் என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு பரிதாபம் வந்துவிட்டது. இந்தப் பையனுக்கு வேலை தெரியாது என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து விழுந்தால் நானும் லொறி பிடிக்க வேண்டியதுதான். உண்மையைச் சொன்னாலும் அதே லொறிதான். என் பெண்சாதி அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

இந்த நாட்களில் ஒருநாள், மேசையில் ரேடியோ பிரிந்து கிடக்க, அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னார். இப்படித்தான் வீட்டிலும் என்றார். பெண்சாதியின் குரலும் தேய்ந்துகொண்டே வருகிறதாம். முன்பெல்லாம் கணீரென்று பேசுவாளாம். இரண்டாவது பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு வார்த்தையை விழுங்கி விழுங்கிப் பேசினாளாம். இப்போது பேச்சே இல்லையாம். வாயை மட்டும் அசைக்கிறாளாம். திப்பிலி, கருப்பட்டி, பலாங்கொடைக் காட்டுத் தேன் எல்லாம் கொடுத்துப் பார்த்தாராம். கடைசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் அவளுடைய தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்க்கவைத்தாராம். டாக்டருக்குப் பழுது தெரியவில்லையாம்.

“பின்னேரம் போனோம், தம்பி. அதான் புடிபடல்ல. காலைல போயிருக்கோணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ள ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டுத் தேடினேன்.

சாயங்காலம் இதை என் பெண்சாதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்த அம்மாவை அவளுக்குத் தெரியும். இரண்டு வீடு தள்ளியிருந்த தையற்காரியிடம் இருவரும் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார்கள். அந்த அம்மா வாயைத் திறந்தால் தையல் மிஷின் சத்தமே கேட்காது, அவ்வளவு கலகலப்பு என்றாள். புருஷனுக்குக் காது போவது அந்த அம்மாவுக்குத் தெரியாதா என்று கேட்டேன். என் பெண்சாதி அதை ஏற்கெனவே கேட்டிருந்தாள். அந்த அம்மா சொன்ன பதிலை அப்படியே சொல்லிக் காட்டினாள்.

“சொன்னேன் மகள். அவருக்குக் கேக்கல்ல.”

சொல்லிவிட்டு அந்த அம்மா சிரித்தாளாம். எவ்வளவு பேசினாலும் வாயைத் திறந்து பேசு என்றுதான் அவர் ஏசுவாராம். அதற்காகப் பேசாமல் இருக்க முடியுமா, சோறு வைக்கும்போது ஒரு சொல், அவர் கடைக்கு வெளிக்கிடும்போது ஒரு சொல், மகளிடமிருந்து செய்தி வந்தால் நாலு சொல், எல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாளாம். அந்த மனிதர் மேல் எனக்கு முதல் தடவையாக இரக்கம் வந்தது அன்றைக்குத்தான்.

அரசாங்கம் மாறி, இறக்குமதியைத் திறந்துவிட்ட சமயம். கொழும்பில் புறக்கோட்டைக் கடைத்தெரு முழுக்க ஜப்பான் கேசட் செட்டுகள் குவிந்தன. முதலாளி ஒருநாள் தானே போய் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். காருக்குப் பூட்டுகிற ஸ்டீரியோ செட். இரண்டு ஸ்பீக்கர். தொரையின் ரேடியோவை விட்டுத்தள்ளுங்கள், இதைப் பூட்டுங்கள், இதிலும் சத்தம் வராவிட்டால் பழுது எங்கே என்று பார்த்துவிடுவோம் என்றார். பழுது இனி ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க முடியும் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

வேலை லேசாக இல்லை. டேஷ்போர்டில் பழைய ரேடியோ இருந்த ஓட்டை புதிய செட்டுக்குச் சின்னது. வெட்டிப் பெரிதாக்கலாம் என்றேன். பட்டை தீட்டின கல்லை மறுபடி அறுப்பார்களா என்று கேட்டார். சரி, புதியதை அடியில் தொங்கவிட்டுப் பூட்டுகிறேன் என்றேன். பழையதைக் கழற்ற வேண்டாம் என்றார். இடத்தைக் காலியாக விட்டால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்குமாம்.

பெரிய வினை வேறு இருந்தது. கம்பியை இணைக்குமுன் மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் எதிர்ப்பக்கமாக அடித்தது. அந்தக் காலத்துச் சீமைக் கார்களில் பேட்டரியின் பிளஸ் முனையைத்தான் காரின் உடம்போடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஜப்பான் செட்டுக்கு உடம்பில் மைனஸ் இருக்க வேண்டும். பார்க்காமல் பூட்டியிருந்தால் செட் அங்கேயே புகைந்திருக்கும். என் கதையும் முடிந்திருக்கும். பேட்டரியைத் திருப்பி வைத்து, டைனமோவுக்கு ஒரு கம்பியால் பொறி தட்டி அதையும் புது வழிக்குப் பழக்கி, இக்னிஷன் காயிலின் கம்பிகளை மாற்றி எல்லாம் செய்ய வேண்டியிருந்தது. முதலாளியிடம் கத்தி விளக்கினேன்.

“இவ்வளவு நாளும் வண்டிக்குள்ள கரண்ட் தலைகீழா ஓடியிருக்குங்க, முதலாளி.”

அவருடைய முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அதுதான் விஷயமா என்றார். கரண்டே தலைகீழாக ஓடினால் ரேடியோ எப்படி ஒழுங்காகப் பாடும்? பாவம், தொரைக்கே தெரிந்திருக்காது, அவர் மறைக்கவில்லை என்றார். என் முதுகில் வேறு தட்டிக்கொடுத்தார். நான் எது சொன்னாலும் அது அவருக்கு ஒரு சாக்காகப் போய் முடிந்தது. புது செட் பாடாவிட்டால் இனிச் சாக்குக்கும் இடமில்லை. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார், நாளைக்குக் காலை பார்க்கப்போகிறோம் என்று.

எனக்கு ஓர் எண்ணம் வந்தது. கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன், பயத்தில் வந்த எண்ணம். அவருடைய பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, சத்தம் காதைப் பிளக்கிறது என்று அந்த ஆளே சொன்னால், சொன்னது நானாக இருக்காதல்லவா. ஸ்டீரியோ என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற சத்தம், ஒருத்தர் தனியாகக் கேட்டால் பாதிதான் பிடிபடும், பக்கத்து சீட்டிலும் ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லிவைத்தேன். தரகர் யாரையாவது கூட்டிவருவார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, மழைக்கு இடையில் அதிசயமாக வெயில் வந்திருந்தது. கார் வந்து கடையோரமாக நின்றது. துணிக்கூரையை ஏற்றிப் பூட்டியிருந்தார். இடது சீட்டில், முக்காட்டைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவருடைய பெண்சாதி உட்கார்ந்திருந்தாள். அந்தக் காரில் அந்த அம்மா ஏறியதை அதுவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. திறந்த வண்டியில் ஊர் பார்க்கப் போவேனா என்று மறுத்துவந்தவளாம். சீட் தரையோடு இருந்ததால் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, ஏதோ தோணியில் உட்கார்ந்திருப்பவள்போல ஜாக்கிரதையாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள்.

தரகர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். வெற்றிலைக் கடைக்காரர் வாசலுக்கு வந்தார். என் பெண்சாதி உள்கதவோரம் நின்றாள். நான் அந்த அம்மாவின் பக்கத்துக் கதவோடு நின்றேன். முதலாளி கேசட்டைச் செருகினார். தெருத்தெருவாகத் தப்பு அடித்துப் பாடி வருகிற பக்கிர்ஷாக்களின் பாட்டு ஒன்று. முதல் அடியிலேயே தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குமிழைத் திருகினார். டேஷ்போர்ட் அதிர்ந்தது. இன்னும் திருகினார். தந்திக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பிப் போயின. “அடு கரன்ன, முதலாளி” என்று வெற்றிலைக் கடைக்காரர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தியது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. முதலாளி கடைசிவரை திருகிவிட்டுக் கையை எடுத்தார்.

தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு செட்டையே பார்த்தார். புருவத்துக்கு நடுவில் அந்தக் கோடு விழுந்தது. கல்லில் நூல் தட்டுப்பட்டால் விழுகிற கோடு. அது எனக்குத் தெரியும். தரகர்கள் அவருடைய வாயைப் பார்த்தார்கள்.

சொல்வதற்கு முன் அவர் பெண்சாதியின் பக்கம் திரும்பினார். அவளும் அதையே சொல்வாள் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் முக்காட்டோடு சேர்த்து இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள். அவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் என்னை அறியாமல் ஒரு காதில் விரலை வைத்திருந்தேன். தரகர்களைப் பார்த்தார். வெற்றிலைக் கடையைப் பார்த்தார். பார்க்கத் தெரிந்த மனிதர் அவர். அதுவரை அவர் சாமானை மட்டுமே பார்த்துவந்தார்.

செட்டை நிறுத்தினார்.

அந்த அம்மா காதிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பின்கதவைச் சாத்தாமல் வந்துவிட்டோம், கோழி உள்ளே போய் அரிசியைக் கிளறும், சீக்கிரம் போவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாதாரணக் குரல்தான், தெளிவான குரல். முதலாளி அவளுடைய உதட்டைப் பார்த்தார். கையை நீட்டி, செட் நின்றுதான் இருக்கிறதா என்று குமிழை இன்னொரு முறை திருகிப் பார்த்தார். நின்றுதான் இருந்தது. மறுபடி அவளுடைய உதட்டைப் பார்த்தார். அது அசைந்துகொண்டிருந்தது.

“சாமான்ல பழுதில்ல, தம்பி” என்றார் என் பக்கம் திரும்பாமலே.

எல்லோருக்கும் கேட்டது. தரகர்கள் தலையாட்டினார்கள். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே, அந்த நேரத்தில் மூச்சு வந்ததற்காக என்மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது. அவர் எங்களில் யாரையும் பார்க்கவில்லை.

“அப்ப நீ இவ்வளவு காலமும் பேசிட்டுத்தான் ஈந்தியா?”

அந்த அம்மா பேச்சை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். கோழியை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அந்தச் சின்ன சீட்டில் உடம்பைத் திருப்பி, ஒரு கையால் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, தொப்பியின் ஓரத்தைச் சற்றே மேலே தள்ளி, காதோடு வாய் வைத்துப் பேச ஆரம்பித்தாள். என்ன பேசினாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே தலையை ஆட்டினார். நாங்கள் ஒவ்வொருவராக அங்கிருந்து நகர்ந்தோம். வெற்றிலைக் கடைக்காரர்கூட உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் பலாங்கொடை பஸ் வந்து காருக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் ஹார்னை அழுத்திப் பிடித்தான். முதலாளிக்குக் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குக் கேட்டது, ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தாள். பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினாள்.